பங்குனிக் கொல்லை: கிளம்புகிற பறவைகளும் கூடு கட்டுகிற பறவைகளும்

கிணற்றடி · மார்ச் 13, காலை 8.20

எல்லோருக்கும் வணக்கம். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். ஓட்டு வீடு, பின்னால் நீளமான கொல்லை. இரண்டு மாமரம், ஒரு முருங்கை, கிணற்றடியில் வாழை, வேலியோரம் நொச்சியும் செம்பருத்தியும். நான்கு வருடமாகக் காலை ஆறிலிருந்து ஏழு மணி வரை துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, கண்ணில் பட்ட பறவைகளை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வருகிறேன்.

பங்குனி வந்தால் இந்தக் கொல்லையில் இரண்டு வேலை சேர்ந்து நடக்கிறது. பனிக்காலத்துக்கு வந்த பறவைகள் ஊருக்குக் கிளம்புகின்றன. இங்கேயே இருப்பவை கூடு கட்டுகின்றன. குண்டுகரிச்சான் விடிவதற்கு முன்பே முருங்கை உச்சியில் ஏறிப் பாட ஆரம்பித்துவிட்டது. அதற்குக் கீழே, மாமரத்துச் சருகில், கொடிக்கால் வாலாட்டி பின்பக்கத்தை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டு பூச்சி தேடுகிறது. மற்ற வாலாட்டிகள் எல்லாம் வாலை மேலும் கீழும்தான் ஆட்டும், இது ஒன்றுதான் பக்கவாட்டில். கிழக்கு ஆசியாவில் கூடு கட்டுகிற பறவை, ஆறு மாதமாக எங்கள் மாமரத்தடியில் குடியிருக்கிறது.

என் கஷ்டம் இதுதான். வந்த நாள் நோட்டில் இருக்கிறது. போன அக்டோபர் 11ஆம் தேதி மாலை ஆறுமணிக்குருவி முதல் தடவை கூப்பிட்டது, அன்றைக்கே எழுதிவிட்டேன். போகிற நாளை மட்டும் எந்த வருடமும் பிடிக்க முடியவில்லை. ஒரு நாள் திடீரென்று நினைவு வரும், அட, சத்தமே கேட்கவில்லையே என்று. கடைசியாகக் கேட்டது நேற்றா, போன வாரமா என்று தெரியாது. நீங்களெல்லாம் இதை எப்படிக் குறிக்கிறீர்கள்?

வேதாரண்யம்காரன் · மார்ச் 13, இரவு 9.05

நல்ல கேள்வி அக்கா. வருகிற பறவை குரல் கொடுத்து வரும், போகிற பறவை சொல்லிக்கொண்டு போகாது. சின்னப் பறவைகள் பெரும்பாலும் ராத்திரியில்தான் கிளம்பும். பகல் வெயிலும் வல்லூறும் இல்லை, நட்சத்திரத்தையும் பூமியின் காந்தப்புலத்தையும் வைத்துத் திசை பிடிக்கும். சாயங்காலம் வேலியில் இருந்த குருவி காலையில் இருக்காது, அவ்வளவுதான்.

அதனால் வழி ஒன்றுதான். பார்த்ததை மட்டும் எழுதாமல், பார்க்காததையும் எழுதுங்கள். பங்குனி முதல் சித்திரை முடிய ஒவ்வொரு நாளும் ஐந்தாறு விருந்தாளிகளின் பெயரை வரிசையாகப் போட்டு, எதிரே 'உண்டு' அல்லது 'இல்லை'. பத்து நாள் தொடர்ந்து 'இல்லை' வந்தால் கடைசி 'உண்டு' எதுவோ அதுதான் போன நாள். நின்று திரும்பிப் பார்த்தால்தான் அது தெரியும். அன்றைக்கே தெரியவே தெரியாது.

முடிந்தால் இதை ஈபேர்டிலும், அதாவது பறவைக் கணக்கு பதிகிற இணையதளத்திலும் ஏற்றுங்கள். அதிலும் 'பார்த்த பறவை எல்லாவற்றையும் பதிந்தேனா' என்று கேட்பார்கள். ஆம் என்று சொன்னால்தான் நீங்கள் எழுதாத பறவை 'இல்லை' என்று கணக்காகும்.

மாடித்தோட்டம் · மார்ச் 14, காலை 6.50

நான் தாம்பரம். எனக்குக் கொல்லை இல்லை, மொட்டை மாடியும் துணிக்கொடியும்தான். அந்தக் கொடிக்கம்பியில் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு ஒன்று கூடு தொங்கவிட்டிருக்கிறது. பார்த்தால் ஒட்டடை தொங்குகிற மாதிரிதான் இருக்கும். சிலந்தி வலையில் பட்டைத் துணுக்கு, காய்ந்த இலை, கம்பளிப்பூச்சியின் எச்சம் எல்லாம் ஒட்டி, பக்கவாட்டில் ஒரு வாசல், வாசலுக்கு மேலே ஒரு சின்னத் தாழ்வாரம். கட்டுவது முழுக்கப் பெண்தான். ஆண் கூடவே வந்து கத்திவிட்டுப் போகிறது.

மாமியார் ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "அது ஒட்டடை இல்லை அத்தை, கூடு" என்று காட்டினேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். இப்போது துணி காயப்போட நாலு வீடு தள்ளி இருக்கிற தங்கை வீட்டு மாடிக்குப் போகிறார்.

தென்காசிச்சாரல் · மார்ச் 14, பகல் 1.30

மாமரத்தடிச் சருகைக் கூட்டாமல் விட்டிருக்கிறீர்கள் போலிருக்கிறதே. பறவை மேல் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் சருகு சேர்ந்தால் பூரான் வரும், தேள் வரும், அதைத் தேடிப் பாம்பு வரும். எங்கள் தெருவில் இரண்டு வருடம் முன்னால் கொல்லையில் விளையாடிய பிள்ளையைக் கட்டுவிரியன் கடித்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டான். அதிலிருந்து நான் தினமும் கூட்டிக் கொளுத்திவிடுகிறேன். பறவைக்காகப் பிள்ளைகளை ஆபத்தில் விடச் சொல்லாதீர்கள்.

கிணற்றடி · மார்ச் 14, மாலை 6.15

தம்பி, நீங்கள் சொல்வது நியாயம். நானும் வீட்டைச் சுற்றிச் சருகு சேர விடுவதில்லை. பின்வாசலிலிருந்து கிணறு வரை, கழிப்பறைக்குப் போகிற வழி, எல்லாம் காலையில் கூட்டித் தண்ணீர் தெளித்துவிடுவேன். கிணற்றுக்கு அப்பால், கடைசி மாமரத்தடி மட்டும் சருகு. அங்கே பிள்ளைகள் போவதில்லை, ராத்திரியில் யாருமே போவதில்லை, போனால் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் போவதில்லை.

அந்தச் சருகை ஏன் விடுகிறேன் என்றால், ஆறுமணிக்குருவி சாப்பிடுவது அதற்குள்தான். தத்தித் தத்தி வந்து, அலகால் ஒரு சருகைப் புரட்டி அந்தப் பக்கம் வீசும், அடியில் இருக்கிற புழுவையோ எறும்பையோ எடுக்கும், அடுத்த சருகு. கூட்டிச் சுத்தமாக இருந்த முதல் வருடம் அது எங்கள் கொல்லையில் இரண்டு நாள்கூடத் தங்கவில்லை.

கொளுத்துவதை மட்டும் விட்டுவிடுங்கள். கூட்டி ஒரு மூலையில் குழி வெட்டிப் போட்டால் மக்கி உரமாகும்.

தென்காசிச்சாரல் · மார்ச் 14, இரவு 8.40

கடைசி மரத்தடி என்றால் சரி. எங்கள் கொல்லை அவ்வளவு நீளம் இல்லை. குழி வெட்டிப் பார்க்கிறேன்.

வளவு · மார்ச் 15, காலை 10.10

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வளவிலும் ஆறுமணிக்குருவி ஒக்டோபரில் வந்து ஏப்ரலில் போய்விடும். கிணற்றடிக்குப் பின்னால் பலாவும் கமுகும் நிற்கிற நிழலான இடம், பின்னேரம் ஆறு மணிக்கு இரண்டு விசில். அம்மம்மா அந்தச் சத்தம் கேட்டுத்தான் விளக்கு வைப்பா. கடலைத் தாண்டினால் முதலில் உங்கள் பக்கம்தான் இறங்கும். எங்களுடையது போன பிறகும் உங்களிடம் சில நாள் கேட்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் அக்கா. நானும் இன்று முதல் 'உண்டு, இல்லை' எழுதுகிறேன்.

கிணற்றடி · மார்ச் 16, காலை 7.45

இன்று முக்கியமான செய்தி. காய்ப்பு ஓய்ந்த கத்தரிச்செடி நாலு நிற்கிறது, பிடுங்கிவிட்டு வெண்டை போடலாம் என்று மண்வெட்டியோடு போனேன். மூன்றாவது செடியில் இரண்டு இலை ஒட்டிக்கொண்டிருந்தன. நோய் என்று நினைத்துக் குனிந்தால், தையல்.

தையல்சிட்டு கூடு கட்டுவதை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. ஓர் இலையின் ஓரத்தில் ஊசி குத்தின மாதிரி ஓட்டைகள், எதிர் இலையின் ஓரத்திலும் அதே மாதிரி. ஒவ்வொரு ஓட்டையிலும் பஞ்சு நூல் நுழைந்து வெளியே வந்து, வந்த இடத்தில் பிசிறி ஒரு சின்ன உருண்டையாக நிற்கிறது. அந்த உருண்டைதான் முடிச்சு, அது உள்ளே திரும்பிப் போகாது. ஒரே நூலில் ஓட்டின தையல் இல்லை, ஒவ்வொன்றும் தனித்தனித் தையல். பதினொன்று எண்ணினேன். ஓட்டை அவ்வளவு சின்னது என்பதால் இலை வாடவே இல்லை, பச்சையாக இருக்கிறது. பஞ்சு எங்கிருந்து என்று யோசித்தேன். பக்கத்து வீட்டு இலவமரம் இந்த வாரம்தான் வெடிக்க ஆரம்பித்திருக்கிறது.

மண்வெட்டியை அப்படியே சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

மாடித்தோட்டம் · மார்ச் 16, காலை 8.02

படம் போடுங்கள் அக்கா!

கிணற்றடி · மார்ச் 16, காலை 8.30

போட மாட்டேன் அம்மா, கோபித்துக்கொள்ளாதே. காரணம் சொல்கிறேன். இரண்டு வருடம் முன்னால் செம்பருத்தியில் கொண்டைக்குருவி கூடு வைத்தது. மூன்று குஞ்சு. தினமும் கிளையை விலக்கிப் படம் எடுத்தேன், உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். ஆறாவது நாள் நான் கிளையை விட்டு நகர்ந்ததும் கூரையிலிருந்து காக்கை இறங்கியது. அது என்னையே கவனித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் தினமும் எங்கே போய்க் குனிகிறேன் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் அந்தத் தாய்க்குருவி வாயில் புழுவோடு வந்து வந்து போனது. இன்னும் எனக்கு அது ஆறவில்லை.

அதிலிருந்து கூடு என்றால் பத்தடி தள்ளித்தான். இலையைத் தொடுவதில்லை. போகிற வழியைக்கூட மாற்றிக்கொள்கிறேன்.

வேதாரண்யம்காரன் · மார்ச் 16, இரவு 9.30

சரியாகச் சொன்னீர்கள். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெர்லின் செயலியில் குரலைக் கண்டுபிடிப்பது நல்லது, ஆனால் அதில் இருக்கிற பாட்டைச் சத்தமாகப் போட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். கூடு கட்டுகிற காலத்தில் ஆண் பறவை அதை எதிரி என்று நினைத்துக் குஞ்சுக்கு இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். வண்டிக் கண்ணாடியில் தன் நிழலைக் கொத்திக்கொண்டே இருக்கும் குண்டுகரிச்சானைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். கண்ணாடிக்கு ஒரு துணிப்பை மாட்டினால் அதற்கும் நிம்மதி.

அக்கா, அந்தக் கத்தரிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிடாதீர்கள். தைத்த இலை ஒரு மாதம் உயிரோடு இருக்க வேண்டும்.

கிணற்றடி · மார்ச் 22, காலை 7.30

தினமும் ஒரு குடம், வேரடியில், மெதுவாக. காய்க்காத செடிக்கு இவ்வளவு உபசாரமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

கூட்டுக்குள் பஞ்சு சேர்த்து முடித்துவிட்டது. இன்றிலிருந்து அடைகாக்கிறது என்று நினைக்கிறேன். இலைப் பைக்கு மேலே ஒரு பக்கம் அலகும் மறுபக்கம் தூக்கின வாலும் மட்டும் தெரிகிறது.

விருந்தாளிக் கணக்கு: கொடிக்கால் வாலாட்டி இல்லை (மூன்றாம் நாள்). மாங்குயில் உண்டு. ஆறுமணிக்குருவி உண்டு. பழுப்புக் கீச்சான் உண்டு. நொச்சி வேலியில் பிளித் நாணல் கதிர்க்குருவி, 'டக், டக்' சத்தம், உண்டு.

ஒரு சந்தேகம். அந்தக் கீச்சான் நான்கு வருடமும் முருங்கையில் அதே பட்ட கிளையில்தான் உட்காருகிறது. ஒரே பறவையா?

வேதாரண்யம்காரன் · மார்ச் 22, இரவு 10.00

இருக்கலாம். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல வருடங்களாக வலை கட்டிப் பறவைகளைப் பிடித்து, எடை பார்த்து, காலில் எண் போட்ட வளையம் மாட்டி விடுகிறார்கள். சின்ன வயதில் அப்பாவோடு போய்ப் பார்த்திருக்கிறேன். கதிர்க்குருவியைக் கையில் வாங்கினால் பாரமே தெரியாது, பத்துப் பன்னிரண்டு கிராம்தான். இதயம் மட்டும் உள்ளங்கையில் துடிக்கும். அதுதான் மத்திய ஆசியா வரைக்கும் போகிறது.

வளையம் போட்டுப் பார்த்ததில், பழுப்புக் கீச்சான் முந்தைய பனிக்காலத்தில் இருந்த அதே இடத்துக்கு மறுபடி வருவது உண்டு என்று தெரிந்திருக்கிறது. உங்கள் கீச்சானுக்கு வளையம் இல்லாததால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பட்ட கிளையை வெட்டிவிடாதீர்கள்.

கதிர்க்குருவி 'டக்'கோடு நிற்கிறதா, நீளமாக ஏதாவது பாடுகிறதா என்று கவனியுங்கள். கிளம்புவதற்கு முன்னால் வேலிக்குள்ளேயே இருந்து மெல்லப் பாடிப் பார்க்கும். போகிற ஊரில்தானே அதற்குப் பாட்டுத் தேவை.

டேராடூன்வாசி · மார்ச் 23, காலை 11.20

சொந்த ஊர் கும்பகோணம், வேலை இங்கே. நீங்கள் 'உண்டு' போடுகிற ஆறுமணிக்குருவிக்காக நாங்கள் இங்கே காத்திருக்கிறோம். இமயமலை அடிவாரச் சால மரக் காட்டில்தான் அது கூடு வைக்கும், காய்ந்த புல்லும் சருகும் சேர்த்து உருண்டையாக, பக்கத்தில் வாசல். இங்கே அதற்கு நௌரங் என்று பெயர், ஒன்பது நிறம். மே மாதம் வரும். அங்கே காலையும் மாலையும் இரண்டு விசிலோடு நிறுத்திக்கொள்கிற பறவை இங்கே வந்தால் நாள் முழுக்க ஓயாது. முதல் தடவை கேட்டபோது எங்கள் வீட்டுக் கொல்லை நினைவு வந்து நின்றுவிட்டேன்.

கேட்டதும் இங்கே எழுதுகிறேன்.

மாடித்தோட்டம் · ஏப்ரல் 1, மாலை 5.40

என் தேன்சிட்டுக்குக் குஞ்சு பொரித்துவிட்டது. இரண்டு. தேன் கொண்டுவந்து கொடுக்கும் என்று நினைத்தேன், இல்லை, சின்னச் சின்னப் பூச்சியும் சிலந்தியும்தான். வளர்கிற பிள்ளைக்குத் தேன் போதாது போல. மாடியில் பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்திவிட்டேன், மிளகாய்ச் செடியில் அசுவினி இருந்தாலும் பரவாயில்லை.

தென்காசிச்சாரல் · ஏப்ரல் 2, காலை 9.15

குழி வெட்டிவிட்டேன். கொளுத்துவதில்லை. இப்போது அந்தக் குழியைச் சுற்றித் தவிட்டுக்குருவிக் கூட்டம், ஏழு எண்ணினேன், ஒரே இரைச்சல். எலுமிச்சையில் கூடும் வைத்திருக்கிறது. ஒரே கூட்டுக்கு மூன்று நாலு பறவை இரை கொண்டு போகிறதே, ஏன்?

வேதாரண்யம்காரன் · ஏப்ரல் 2, இரவு 9.50

அவை கூட்டுக்குடும்பம். பெற்ற இரண்டு மட்டுமல்ல, மற்ற உறவுகளும் சேர்ந்துதான் குஞ்சுகளை வளர்க்கும். முட்டை நல்ல நீலமாக இருக்கும். சுடலைக்குயில் அதே நீலத்தில் தன் முட்டையையும் அந்தக் கூட்டில் வைத்துவிட்டுப் போகும். குஞ்சு பெரிதான பிறகு ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், எடுத்துப் போட்டும் விடாதீர்கள். அதுவும் பிழைக்க வேண்டியதுதான்.

கிணற்றடி · ஏப்ரல் 3, காலை 7.20

இன்று காலை ஒரு பச்சைப் புழுவோடு தையல்சிட்டு கத்தரிச்செடிக்குப் போனது. அடுத்து இன்னொன்று, வால் நீளமாக, அது ஆண். பொரித்துவிட்டது.

பழுப்புக் கீச்சான் இல்லை. மாங்குயில் ஐந்து நாளாக இல்லை.

நேற்று மாலை நொச்சி வேலிக்குள்ளிருந்து மெல்லிய பாட்டு. யாரோ வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிற மாதிரி, நடுவில் அந்த 'டக்', மறுபடி பாட்டு. அரை மணி நேரம் வாளியை இறக்காமல் நின்றேன்.

வளவு · ஏப்ரல் 11, காலை 9.00

எங்கள் வளவில் ஆறுமணிக்குருவி ஆறு நாளாக இல்லை. கடைசி 'உண்டு' ஏப்ரல் 5.

நேற்று அடுத்த தெருவில் ஒன்று கண்ணாடிக் கதவில் மோதி விழுந்து கிடந்ததாம். பிள்ளைகள் தண்ணீரை வாயில் ஊற்றப் போனார்கள், நல்ல காலம், நான் போய்ச் சேர்ந்தேன். ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிக்குள் துணி விரித்து வைத்து, மூடி, இருட்டறையில் விட்டேன். தண்ணீரும் இல்லை, சாப்பாடும் இல்லை, எட்டிப் பார்ப்பதும் இல்லை. இரண்டு மணித்தியாலம் கழித்துப் பலா மரத்தடியில் பெட்டியைத் திறந்தேன். கொஞ்சம் இருந்து யோசித்துவிட்டுப் பறந்துபோனது. அந்தப் பச்சை முதுகையும் வயிற்றடிச் சிவப்பையும் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது பெரிய பாக்கியம்.

கிணற்றடி · ஏப்ரல் 17, காலை 9.10

கொஞ்சம் பெரிதாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தே முக்காலுக்கே தையல்சிட்டு இரண்டும் கத்த ஆரம்பித்துவிட்டன. அந்தக் குருவிக்கு அவ்வளவு பெரிய தொண்டை. இரை கொண்டுவந்து கூட்டுக்குள் கொடுக்காமல், எதிரே இருந்த வெண்டைப் பாத்திக் குச்சியில் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டன. இலைப் பை ஆடியது. ஒரு குஞ்சு விளிம்பில் ஏறி நின்றது. வால் என்று ஒன்றுமில்லை, எலுமிச்சம்பழத்துக்கு அலகு வைத்த மாதிரி. குதித்தது, பறக்கவில்லை, பக்கத்துச் செடியில் தொப்பென்று விழுந்து பிடித்துக்கொண்டது. இரண்டாவது உடனே வந்துவிட்டது. மூன்றாவதுக்கு நாற்பது நிமிடம் ஆனது. தாய் புழுவைக் காட்டிக் காட்டித் தானே தின்றுவிட்டது ஒரு தடவை.

பக்கத்து வீட்டுப் பூனை வேலியோரம் வந்தது. ஈரத்துணியை உதறி விரட்டினேன். மதியம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன், சமையல் அவர் பார்த்துக்கொண்டார். ஒரு குஞ்சு தரைக்கு வந்துவிட்டால் கையில் எடுத்துச் செடியில் வைக்கலாம், மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது பொய். ஆனால் தேவைப்படவில்லை. மூன்றும் நொச்சி வேலிக்குள் போய்விட்டன, கதிர்க்குருவி இருந்த அதே இடத்துக்கு. கதிர்க்குருவி 14ஆம் தேதியிலிருந்து இல்லை.

கூடு காலி. நெருங்கிப் போய் இப்போதுதான் உள்ளே பார்த்தேன். இலவம்பஞ்சு அமுங்கிக் கிண்ணமாகி, நடுவில் ஒரு முட்டை ஓட்டுச் சில்லு, நகக்கண் அளவு. தையல் பதினொன்றில் இரண்டு அறுந்திருக்கிறது.

வேதாரண்யம்காரன் · ஏப்ரல் 17, இரவு 9.20

வாழ்த்துகள் அக்கா. செடியை இன்னும் பிடுங்காதீர்கள், குஞ்சுகள் சில நாள் பக்கத்திலேயே திரியும். கிணற்றடி நிழலில் ஆழமில்லாத மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள், நடுவில் ஒரு கல், சுற்றிலும் பூனை பதுங்க இடமில்லாமல். தினமும் கவிழ்த்துக் கழுவி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.

ஆறுமணிக்குருவி?

கிணற்றடி · ஏப்ரல் 30, இரவு 7.30

பன்னிரண்டு நாள் 'இல்லை' எழுதியாகிவிட்டது. கடைசி 'உண்டு' ஏப்ரல் 18, மாலை 6.12. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அன்றைக்கு அந்த வரியில் வேறு எதுவும் எழுதவில்லை, மற்ற நாள் மாதிரிதான் இருக்கிறது. வளவுத் தம்பி, உங்களுடையது போய்ப் பதின்மூன்று நாள் கழித்துத்தான் என்னுடையது போயிருக்கிறது.

டேராடூன்வாசி · மே 12, காலை 6.05

இன்று 5.20க்கு. வீட்டுக்குப் பின்னால் சால மரத்துப் பக்கம். முதலில் இரண்டு விசில், கொஞ்சம் இடைவெளி, மறுபடி இரண்டு. இப்போது நான் இதை எழுதும்போதும் நிறுத்தவில்லை.

கிணற்றடி · மே 12, காலை 8.00

நோட்டில் எழுதிக்கொண்டேன், ஏப்ரல் 18க்கு எதிரே.

கத்தரிச்செடிக்கு இன்னும் தண்ணீர் ஊற்றுகிறேன். நேற்றிலிருந்து கடைசிச் செடியில் ஓர் இலை மடிந்திருக்கிறது, மூன்று ஓட்டை.